பையைப் பிரித்த நேரம் என்ன?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வயல் மோட்டாரைக் கைபேசியிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டிகளை நாலு பேர் சேர்ந்து தயாரிக்கிறோம். பெட்டியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப், கைபேசி இணைப்புக்கான ஜிஎஸ்எம் மாட்யூல், எல்இடி எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் வாங்குவது. சாலிடர் பேஸ்ட் தடவி, சிப்பைக் கையால் வைத்து, சின்ன ரீஃப்ளோ ஓவனில் (சாலிடரை உருக்கிச் சிப்பை ஒட்டவைக்கும் அடுப்பு) போர்டை ஓட்டி எடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் செய்த போர்டுகள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. இங்கே சோதிக்கும்போது நன்றாக ஓடுகிறது. வயலுக்குப் போய் மூன்று நாலு வாரத்தில் நின்றுவிடுகிறது. ஒருமுறை ஓவனுக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாக வேலை பார்க்கும் பையன் சொன்னான். ஈரம்தான் காரணம் என்கிறார்கள். செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து சிப்போடு போட்டு வைத்திருக்கிறேன். அப்பா அரிசி டப்பாவில் வைக்கச் சொல்கிறார், நண்பர் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார். கேமராக்காரர்கள் வாங்கும் டிரை கேபினட் ஒன்று வாங்கிவிடலாமா? கையிலிருக்கும் சரக்கை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ‘டப்’ சத்தம்தான். அந்தப் பையன் கவனித்துச் சொன்னதற்கு அவனைப் பாராட்டுங்கள். பல கம்பெனிகளில் ஓவன் பக்கத்திலேயே ஆள் நிற்பதில்லை, அதனால் அது யார் காதிலும் விழுவதில்லை.

சிப்பின் கறுப்பு உடம்பு ஒரு வகை எபாக்சி பிளாஸ்டிக். தொட்டால் உலர்ந்துதான் இருக்கும், நாள் கணக்கில் வெளியே கிடந்தாலும் பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் காற்றிலிருக்கும் நீராவியை அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். அது மெல்ல ஊடுருவி, உள்ளே சிலிக்கானும் செம்புத் தகடும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருக்கும் இடங்கள் வரை போய்ச் சேருகிறது. ஈயம் இல்லாத சாலிடர் உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். ஓவனின் உச்சம் 245 முதல் 260 டிகிரி வரை போகும். சில நிமிஷத்தில் அந்தச் சூட்டைக் காட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி வெளியே வர வழி தேடும். நெல்லைச் சூடான மணலில் போட்டால் பொரிகிறதே, காரணம் இதேதான். தொழிலிலும் இதற்குப் பாப்கார்ன் என்றே பெயர்.

வெடித்துச் சத்தம் கேட்டால் ஒரு வகையில் நல்லது, கெட்டது எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் சத்தமே வராது. உள்ளே அடுக்குகள் மட்டும் மயிரிழை அளவு பிரியும். சிலிக்கானிலிருந்து காலுக்குப் போகும் மெல்லிய கம்பி, இழுபட்டாலும் தொட்டுக்கொண்டு நிற்கும். உங்கள் மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஓடுவது அதனால்தான். அப்புறம் தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகைக்குப் போகிறது. பகல் முழுக்கக் காய்ந்து ராத்திரி குளிர்ந்து, நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. ஏற்கெனவே பிரிந்த இடம் ஒருநாள் முழுசாக விட்டுப்போகிறது. நீங்கள் சொல்லும் மூன்று நாலு வாரம் இதோடு நன்றாகவே பொருந்துகிறது.

இருந்தாலும் திரும்பி வந்த எல்லாப் பெட்டியையும் இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை இடி மின்னல் காலமும்கூட. லைனில் ஏறிவரும் மின்னழுத்தத்தால் போனவை தனி. சாலிடர் பிடிப்பதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸைச் சரியாகக் கழுவாமல் விட்டு, அதன் மேல் ஈரம் படிந்து, பின்களுக்கு இடையே மின்சாரம் கசிந்து போனவை தனி. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. செத்த சிப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள். மேலே லேசான உப்பல், பக்கவாட்டில் அல்லது அடியில் தலைமுடி போன்ற விரிசல் தெரிந்தால் அது ஓவனில் போனது. எதுவும் தெரியாவிட்டால், முதலில் கால்களின் சாலிடரை அயர்னால் ஒருமுறை தொட்டு உருக்கிவிடுங்கள். அதற்குப் பிறகும், சிப்பின் தலையை அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கரிந்த வாடை, வெடித்த மூடி, பக்கத்து டையோடும் போயிருப்பது இதெல்லாம் மின்னழுத்தக் கேஸ். அதற்கு சிப்பை எவ்வளவு உலர்த்தினாலும் பயனில்லை.

சரி, ஈரத்துக்கு வருவோம். எந்த டப்பாவில் வைப்பது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் நான் கேட்பது, அந்த சிப் வந்த பையைப் பிரித்த நேரம் என்ன என்பது. இதற்குப் பதில் தெரியாமல் எந்த டப்பா வாங்கினாலும் வீண்.

ஒவ்வொரு சிப்புக்கும் அது காற்றில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று தயாரித்தவர் ஒரு நிலை குறித்திருப்பார். எம்எஸ்எல் என்று லேபிளில் இருக்கும். 1 என்றால் கவலையே இல்லை. 2 என்றால் பை பிரித்தபின் ஒரு வருஷம், 2ஏ என்றால் நாலு வாரம். 3 என்றால் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். 4 என்றால் 72 மணி, 5 என்றால் 48, 5ஏ என்றால் 24 மணி. 6 என்றால் உலர்த்தாமல் ஓவனுக்குள் விடவே கூடாது, உலர்த்திய பிறகும் லேபிளில் போட்ட நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நீங்கள் வாங்குகிற ஜிஎஸ்எம் மாட்யூல்கள் பெரும்பாலும் 3-ல் வரும், பல மைக்ரோகன்ட்ரோலர்களும் அப்படித்தான். வண்ணம் மாறும் சின்ன எல்இடிகளில் 5ஏ, 6 என்று இருப்பவையும் உண்டு. விலை மலிவு என்பதால் யாரும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் சிப்பைவிட முதலில் கெடுவது அவைதான். ரெசிஸ்டர், சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் பற்றி இந்தக் கவலை வேண்டாம்.

இந்த மணிக் கணக்கெல்லாம் 30 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் வரைக்கும் உள்ள அறைக்கு எழுதியது. ஜே-எஸ்டிடி-033 என்ற தரக்குறிப்பில் இருக்கிறது. நம் டெல்டாவில் அந்த 60 எங்கே? வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பகலிலும் 80-க்குக் கீழே இறங்காத நாட்கள் வரும். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் சம்பா காலத்தில், பட்டறைச் சுவரே வேர்க்கும். அந்த மாதிரி நாளில் 168 மணி என்பதை 168 என்று நம்பினால் ஏமாந்துதான் போவீர்கள். தரக்குறிப்பிலேயே ஈரப்பதம் ஏறினால் நேரத்தைக் குறைப்பதற்கு அட்டவணை இருக்கிறது, சிப்பின் கனத்தைப் பொறுத்து அது மாறும். உங்கள் அளவுக்கு அட்டவணை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெல்லிய சிப்புகளுக்கு லேபிளில் போட்ட நேரம் பாதியையும்விட மிகக் குறைவாகச் சுருங்கிவிடும், ஆகவே ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, பை பிரித்த அன்றைக்கே ஓவனில் விட்டு முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நான் சொல்லும் கணக்கு, கொஞ்சம் பயந்த கணக்குதான், ஆனால் சரக்கைக் காப்பாற்றும்.

இன்னொன்று. இந்த மணி, பையைப் பிரித்த ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதில்லை. நேற்று ஆறு மணி நேரம், இன்று நாலு மணி நேரம் என்றால் பத்து மணி போய்விட்டது. ரிச்சி தெருக் கடையில் சிப்பை டேப்பில் அடுக்கிச் சுற்றிய ஒரு பெரிய ரீலிலிருந்து கத்தரியால் ஐம்பது சிப்பை வெட்டி, சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த ரீலின் பையைப் பிரித்து எத்தனை மாதம் ஆயிற்று? கடைக்காரருக்கே தெரியாது. அவர்மேல் குற்றமில்லை, அவரிடம் வருபவர்களில் பலர் சிப்பைக் கையால் அயர்ன் வைத்துச் சாலிடர் செய்கிறவர்கள். காலை மட்டும் சூடாக்கும் வேலையில் சிப்பின் உடம்பு 200 டிகிரியைத் தாண்டாதவரை இந்தச் சங்கடம் வருவதில்லை. ஓவனில் விடும் உங்களுக்குத்தான் அது விஷயம். ஆகவே, வெட்டி வாங்கிய எந்த சிப்பையும் நேரம் முடிந்துபோன சிப் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும்போது, உங்களுக்கு மாதம் ஐம்பதுதான் தேவை என்றாலும் தயாரிப்பாளர் சீல் வைத்த பையோடு கிடைக்கிற சிறிய அளவைக் கேளுங்கள். ஆன்லைனில் பெரிய வினியோகஸ்தர்கள் வெட்டிய டேப்பைக்கூட ஈரத்தடுப்புப் பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் அட்டையும் வைத்து அனுப்புவதுண்டு. கொஞ்சம் விலை கூடும்.

பையிலும் ஏமாறுகிறோம். வெள்ளி நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற பை ஸ்டாட்டிக்கை, அதாவது நிலைமின்சாரத்தைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இளஞ்சிவப்புப் பையும் அப்படித்தான். ஈரத்தைத் தடுப்பது உள்ளே எதுவுமே தெரியாத, கையில் பிடித்தால் மொரமொரவென்று தடிமனாக இருக்கிற அலுமினியத் தாள் பை. அதன் மேல் நீர்த்துளிப் படம் போட்ட லேபிளும், சீல் வைத்த தேதியும், எம்எஸ்எல் எண்ணும் இருக்கும். உள்ளே ஒரு அட்டையில் 5, 10, 60 என்று மூன்று வட்டங்கள். பையைப் பிரித்த உடனே அதைப் பாருங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அது உங்கள் பட்டறைக் காற்றைத்தான் சொல்லும். 2ஏ முதல் 5ஏ வரையிலான சிப்புக்கு 10 என்ற வட்டம் ஈர நிறத்துக்கு மாறியிருந்தால் உலர்த்திவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். 2 என்ற நிலைக்கு 60 வட்டத்தைப் பார்த்தால் போதும். பை பிரித்த அந்த நிமிஷத்திலேயே மார்க்கரால் தேதியும் மணியும் பையின்மேல் எழுதிவிடுங்கள். உள்ளே போட்டால் ஒரு கோடு, வெளியே எடுத்தால் ஒரு கோடு. இதற்கு ஒரு பேனா போதும், கேபினட் வேண்டாம்.

அரிசி டப்பா விஷயத்தில் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை நெல் எடுக்கிறார்கள், அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டு அரிசியிலும் 12 முதல் 14 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. மூடிய டப்பாவில் அரிசியைப் போட்டால் அதற்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 60, 70 சதவீத ஈரப்பதத்தில் போய் நிற்கும். நமக்கு வேண்டியது 10-க்குக் கீழே. போதாக்குறைக்கு, அரிசித் தூசு வேறு பின்களில் ஒட்டும்.

செருப்புப் பெட்டிப் பொட்டலங்கள் உங்களிடம் வருவதற்கு முன்பே குடித்து முடித்துவிட்டவை. ஆனால் சிலிக்கா ஜெல் என்ற பொருளில் தவறில்லை. அதை எடை பார்த்துப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். நிறம் மாறும் நீல ஜெல்லை எல்லோரும் நம்புகிறார்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும்போதே டப்பாவுக்குள் ஈரப்பதம் 10-ஐத் தாண்டி வெகு தூரம் போயிருக்கும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு உடம்புக்கும் ஆகாது, வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில் வருவதையோ நிறமில்லாததையோ வாங்குங்கள். நகைக் கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். நன்றாக உலர்த்திய ஜெல் 100 கிராம் நிறுத்து ஒரு துணிப் பையில் போட்டு, அந்த எடையைப் பைமேல் எழுதுங்கள். ஜெல் 10 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் சுமார் 5 சதவீதம்தான் பிடிக்கும். ஆக, அது 105 கிராம் காட்டினால் உள்ளே காற்று 10-ஐ நெருங்கிவிட்டது, மாற்ற வேண்டிய நேரம். 110 காட்டினால் 20-ஐ நெருங்கிவிட்டது. மறுபடி ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஆறுவதற்குள் மூடிய பாட்டிலில் போட்டு, எடை பார்த்துப் பயன்படுத்தலாம். திறந்து வைத்து ஆறவிட்டால் ஆறும்போதே குடித்துவிடும்.

கடையில் பீரோவுக்குள் வைக்க விற்கிறார்களே, அடியில் தண்ணீர் சேரும் டப்பா, அதைச் சிப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது கால்சியம் குளோரைடு. சேர்வது உப்புக் கரைசல். ஒருமுறை சாய்ந்தால் பெட்டி முழுக்க அரித்துவிடும்.

ஃப்ரிட்ஜ் யோசனைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேலும் தண்ணீர் துளிர்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பது போலத்தான் சிப்பும் வேர்க்கும். ஃப்ரிட்ஜ் மட்டுமல்ல, 24 டிகிரியில் ஏசி போட்ட அறையிலிருந்து எடுத்து வெளி வராந்தாவில் வைத்துப் பையைப் பிரித்தாலும் இதே கதை. கரண்ட் போய், ஏசி நின்று, கதவைத் திறந்துவிடும்போதும் அப்படியே. ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியது சாலிடர் பேஸ்ட் மட்டும். அதையும் எடுத்தவுடன் மூடி திறக்காமல் நாலு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். திறந்துவிட்டால் பேஸ்ட் தண்ணீர் குடித்து, ஓவனில் தெறித்து சாலிடர் உருண்டைகளாகக் கிடக்கும்.

கேமராக்காரர்களின் டிரை கேபினட்டை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க 40, 50 சதவீதம் போதும், அதற்காகச் செய்தது அது. அதிலுள்ள மீட்டர் அழகாக எண் காட்டும், ஆனால் லேபிள் நேரத்தை எண்ணும் உங்கள் கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். சிப்புக்கான கேபினட் என்றால் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5-க்குக் கீழே போக வேண்டும். 5-க்குக் கீழே வைத்தால் சீல் செய்த பைக்குள் இருப்பதற்குச் சமம். நிலை 2, 2ஏ, 3 சிப்புகள் வெளியே இருந்தது 12 மணி நேரத்துக்குள் என்றால், 10-க்குக் கீழே அதைப்போல் ஐந்து மடங்கு நேரம் வைத்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். வியாபாரம் வளர்ந்தபின் அப்படி ஒன்று வாங்குங்கள்.

இப்போதைக்கு ரப்பர் வாஷரும் கம்பிக் கொக்கியும் உள்ள கண்ணாடி ஜாடிகள் வாங்குங்கள். கண்ணாடியும் உலோகமும் நீராவியை விடாது. ஜிப் கவரும் பிளாஸ்டிக் டப்பாவும் மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். கசிவதற்கு அந்த வாஷர் ஒன்றுதான் இடம், அது புதிதாக இருக்கட்டும். ஸ்டாட்டிக் தடுக்கும் பையில் சிப், பக்கத்தில் எடை எழுதிய ஜெல் பை, ஒரு ஈரப்பத அட்டை. பெரிய ஜாடி ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு நாளுக்கு இருபது முறை திறப்பதைவிட, சின்ன ஜாடிகள் பல வைத்து அன்றைக்கு வேண்டியதை மட்டும் திறப்பது மேல். திறந்தால் உள்ளே புகுவது நம்மூர்க் காற்று.

சின்ன டிஜிட்டல் ஈரமானியும் வாங்குவீர்கள். மலிவானவை 10, 20-க்குக் கீழே ஒன்றும் காட்டாது, ஜாடிக்கு அது உதவாது. பட்டறைச் சுவரில் மாட்ட உதவும். அது உண்மை சொல்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, நனைந்த மணல் மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஒரு டப்பாவில் மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதை அதன் முதுகில் எழுதிவையுங்கள். கல் உப்பு வேண்டாம். வேதாரண்யத்துக் கல் உப்பு குழம்புக்கு நல்லது, ஆனால் அதிலிருக்கும் மெக்னீசியம் உப்பு கணக்கைக் கீழே இழுத்துவிடும்.

இனி ஓவனில் உலர்த்துவது. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தரக்குறிப்பில் மூன்று சூடு சொல்லியிருக்கிறது: 125, 90, 40 டிகிரி. 1.4 மில்லிமீட்டர் கனம் வரையிலான, நிலை 3 சிப், லேபிள் நேரம் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போயிருந்தால், 125-ல் 9 மணி நேரம், 90-ல் 33 மணி நேரம், 40-ல் 13 நாள். 2 மில்லிமீட்டருக்கு மேல் கனமானவைக்கு 125-லேயே 48 மணி. டேப்பும் ரீலும் பிளாஸ்டிக் குழாயும் 40-க்கு மேல் தாங்காது என்பதால் பலரும் 40-ஐத் தேர்ந்தெடுத்து, ரீலோடு ஓவனில் வைத்து, பதின்மூன்று நாள் காத்திருக்கிறார்கள். அந்த 90-க்கும் 40-க்கும் பக்கத்தில் ‘5 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதத்தில்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை விட்டுவிடுகிறார்கள்.

நம்மூர் மழை நாளில் 30 டிகிரி, 80 சதவீதக் காற்றை ஓவனில் அடைத்து 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் சுமார் 46 சதவீதத்துக்குத்தான் இறங்கும். 13 நாள் என்ன, மூன்று மாதம் வைத்தாலும் சிப் அந்த 46-க்கு ஏற்ற ஈரத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். அதே காற்று 90 டிகிரியில் 5 சதவீதத்தை மயிரிழையில் தொடும். 125-ல் ஒன்றரை சதவீதம் ஆகிவிடும். ஆகவே உலர்காற்றோ நைட்ரஜனோ விடும் வசதி இல்லாத உங்கள் பட்டறைக்கு, மழைக்காலத்தில் 125 ஒன்றுதான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது.

அதற்கு சிப்பை டேப்பிலிருந்து எடுக்க வேண்டும். கையில் எர்த் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு, மேல் ஃபிலிமைப் பின்னோக்கி மெதுவாக உரித்து, ஒவ்வொன்றாக ஒரு தட்டையான அலுமினியத் தட்டில், கால் வளையாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வையுங்கள். முதல் பின்னைக் காட்டும் புள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம் இருக்கட்டும், திரும்ப போர்டில் வைக்கும்போது கண் வலிக்காது. டிரேயில் வந்த சிப் என்றால் டிரேயின் ஓரத்தில் எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். 125-க்கு மேல் போட்டிருந்தால் அப்படியே வைக்கலாம், எதுவும் போடாவிட்டால் 40-க்கு மேல் வைக்காதீர்கள். ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு அதன் தயாரிப்பாளர் தனியாக உலர்த்தும் சூடும் நேரமும் எழுதியிருப்பார், 120 டிகிரியில் 8 மணி நேரம் என்று சொல்பவர்கள் உண்டு. பொதுவான அட்டவணையைவிட அதற்கே முதல் மரியாதை. எல்இடியை 125-ல் வைக்கவே வைக்காதீர்கள். பலவற்றுக்கு 60, 70 டிகிரியில் 24 மணி நேரம் என்றிருக்கும், அதன் தரவுத்தாளைப் பாருங்கள். நம்மூர் மழைக்காற்று அந்தச் சூட்டில் 5 சதவீதத்துக்கு இறங்காது, ஆகவே எல்இடி மட்டும் பிரித்த அன்றே முடிக்கும் அளவுக்கு வாங்குவது உத்தமம்.

ஓவனின் குமிழில் 125 என்று திருப்பிவிட்டு நம்பாதீர்கள். சின்ன ஓவன்கள் 125-க்கு வைத்தால் 150 வரை ஏறி 105 வரை இறங்கி ஆடும். சிப் வைக்கும் தட்டிலேயே, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையை ஒட்டி அதைப் பாருங்கள். நேரத்தைத் தட்டு 125-ஐத் தொட்ட பிறகு எண்ணத் தொடங்குங்கள். அளவும் மீறக்கூடாது: 90-க்கு மேல் 125 வரையிலான சூட்டில் ஒரு சிப் மொத்தமாகப் பார்க்கும் நேரம் 96 மணியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் காலில் சாலிடர் பிடிக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று வாரா வாரம் உலர்த்துகிறவர்கள் கடைசியில் அந்தச் சங்கடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். எத்தனை மணி நேரம் உலர்த்தினீர்கள் என்பதையும் ஜாடி மேல் எழுதுங்கள்.

வெறும் போர்டும் ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் ஓவனில் விட்டபின் போர்டில் வெள்ளைத் திட்டு, கொப்புளம் தெரிந்தால் அதுதான். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

திரும்பி வந்த பெட்டிகளைப் பழுது பார்க்கும்போது, ஹாட் ஏர் துப்பாக்கியை உடனே எடுக்காதீர்கள். வாரக்கணக்கில் கொட்டகையில் இருந்த போர்டு அது. காற்று 350 டிகிரியில் அடித்தால், நீங்கள் எடுக்கும் சிப்பின் பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் சிப்பும் பொரிந்துபோகும். போன சிப் எப்படியும் குப்பைக்குத்தானே? அதன் கால்களை நுனி வெட்டியால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அயர்னால் துடைத்து, புதியதை அயர்னாலேயே வைத்துவிடுங்கள். கால் வெளியே தெரியாத சிப் என்றால் வேறு வழியில்லை, போர்டையே முதலில் உலர்த்த வேண்டும். அதில் ரிலேயும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் சிம் கார்டு ஹோல்டரும் இருப்பதால் 125 ஆகாது. அவற்றைக் கழற்றிவிட்டு வைக்கலாம், அல்லது அவை தாங்கும் சூட்டில் நாள் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும். ஒரு பெட்டிக்காக அவ்வளவு மெனக்கெடுவதா, புது போர்டு கொடுப்பதா என்பது உங்கள் கணக்கு. நானாக இருந்தால் புது போர்டு கொடுத்துவிடுவேன்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் விற்கிற பெட்டிகளுக்கு ஓவன் முடிந்து, கழுவி, உலர்ந்தபின் கன்ஃபார்மல் கோட்டிங் என்ற காப்புப் பூச்சைப் போர்டின்மேல் அடித்துவிடுங்கள். உப்புக் காற்று செய்வது வேறு வேலை. அந்தக் கோட்டிங் ஓவனில் வந்த காயத்தை ஆற்றாது.

கையிலிருக்கும் சரக்கைக் கேட்டீர்கள். எம்எஸ்எல் 1 என்று உறுதியாகத் தெரிந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். மீதி எதற்கும் பை பிரித்த நேரம் உங்களிடம் இல்லை, ஆகவே அடுத்த போர்டு ஓட்டும் முன், அந்த வேலைக்கு வேண்டிய எண்ணிக்கையை மட்டும் உலர்த்துங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் உலர்த்த வேண்டாம், 96 மணிக் கணக்கை வீணாக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் இருக்கும் மிச்சத்தை ஜெல்லோடு ஜாடிக்கு மாற்றுங்கள். ஜாடியில் ஜெல் மட்டும் அவற்றைச் சீக்கிரம் உலர்த்திவிடாது, இன்னும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே செய்து அலமாரியில் அடுக்கியிருக்கும் ஐப்பசி போர்டுகளை வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன், சில நாள் பகலில் வெயிலில் தகரத்தின்மேலும் ராத்திரி அறையிலும் மின்சாரம் கொடுத்தே ஓடவிடுங்கள். நிற்க வேண்டியது அங்கேயே நின்றுவிடட்டும்.

கடிதத்தின் ஓரத்தில், உலர்த்துவதற்கு வீட்டில் கேக் செய்யும் ஓவனை எடுத்துக்கொள்ளலாமா என்று சின்னதாக எழுதியிருந்தீர்கள். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. ஈயமும் ஃப்ளக்ஸும் பட்ட பொருள் ஒருமுறை உள்ளே போனால் அதில் சாப்பாட்டு வேலை கிடையாது. அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பழையதைப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.